ஆயி ஊருக்குத் திராட்சை வெட்டப் போகிறவர்களுக்கு

பிரான்சில் படிக்கிற நம் பிள்ளைகள் கோடை தொடங்கியதுமே ஒரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "ஷாம்பெய்ன் பக்கம் திராட்சை அறுவடைக்குப் போனால் நல்ல காசு கிடைக்குமாமே, உண்மையா?" உண்மைதான். தோட்டக்காரரிடம் நேரடியாகக் கையெழுத்துப் போட்டுப் போனால் கிடைக்கும். 2023 செப்டம்பரில் நான் போன வழியில் போனால் கிடைக்காது. பணம், உடம்பு, படிப்பு மூன்றிலும் அடி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்போது பிரான்சில் எனக்கு நெருக்கமானவர் என்று ஒருவரும் இல்லை. முன்கூட்டியே யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் போன ஊரின் பெயர் ஆயி. அந்த ஊரின் பழைய கதையிலேயே எனக்கு நடந்ததற்கான விளக்கம் பாதி இருக்கிறது. அதனால் ஊரைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரான்ஸ் நகரத்திலிருந்து எப்பர்னே போகிற உள்ளூர் ரயிலில் ஏறினால், எப்பர்னேக்கு முந்தைய நிறுத்தம் ஆயி. மார்ன் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஊருக்குப் பின்னாலேயே தெற்கு பார்த்த சரிவு தொடங்கிவிடும். நாள் முழுக்க வெயில் விழுகிற சரிவு, அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும், ஆனால் பாறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பினோ நுவார் என்கிற கறுப்புத் திராட்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று அங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். சுமார் 4,000 பேர் வசிக்கிற ஊர். பதினாறாம் நூற்றாண்டிலேயே இதன் ஒயினுக்குப் பெரிய பெயர். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி தன்னை ஆயியின் பிரபு என்று சொல்லிக்கொண்டதாக ஊரில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள், அவர் பெயரில் திருவிழாவும் உண்டு. அந்தக் காலத்து ஒயினில் நுரை கிடையாது. நுரைக்கிற ஷாம்பெய்ன் வந்தது பிற்பாடுதான். கொசே குடும்பம் 1584-இலேயே இங்கே ஒயின் தொழிலில் இறங்கியது. பொலாஞ்ஜே என்கிற ஷாம்பெய்ன் நிறுவனம் 1829-இல் இங்கேதான் தொடங்கியது, தெட்ஸ் நிறுவனம் 1838-இல். கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1860-இல் பிறந்ததும் இதே ஊரில்தான். 2015-இல் யுனெஸ்கோ ஷாம்பெய்ன் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஆயியின் சரிவுகளும் அதில் இடம்பெற்றன.

ஆனால் ஊருக்குள் நடந்தால் இதெல்லாம் கண்ணில் படாது. தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. உயரமான மதில், பெரிய மரக்கதவு, கதவின் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். உள்ளே முற்றம், பிழி எந்திரம், அதற்குக் கீழே பாதாள அறை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மூடிய கதவு மட்டும்தான். இங்கே ஒரு ஹெக்டேர் திராட்சை நிலம் பத்து லட்சம் யூரோவுக்கும் மேலே போகிறது. அப்படி நிலம் வைத்திருப்பவர்கள் பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சேறு படிந்த பூட்ஸோடு ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பார்கள். யாரையும் சட்டென்று உள்ளே விடமாட்டார்கள், விட்டால் நன்றாகக் கவனிப்பார்கள். இந்தக் குணத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும், இதுதான் முக்கியம். ஷாம்பெய்ன் பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் சிறு விவசாயக் குடும்பங்கள் கையில் இருக்கிறது. விற்கிற பாட்டில்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெரிய நிறுவனங்களின் பெயரில் போகிறது. அதாவது, பெயர் பெற்ற நிறுவனங்களுக்குப் போதுமான சொந்த நிலம் இல்லை, நிலம் இருப்பவர்களிடம் பெரிய பெயர் இல்லை. நடுவில் ஒரு பேரம் நடந்தே ஆக வேண்டும். பேரம் நடக்கிற இடத்தில் தரகர் வருவார். நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தரகர் திராட்சை விலையைப் பேசினார். இப்போது ஆட்களைக் கொண்டுவருகிறார்.

என் சொந்த ஊர் கம்பம். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழேதான் வளர்ந்தேன். அந்த ரகத்தை நம் பக்கம் கொண்டுவந்ததே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்வார்கள். அதனால் திராட்சை வெட்டுகிற வேலை என்றதும் எனக்குத் துளியும் பயமில்லை. முதுநிலைப் படிப்புக்குப் பாரீஸ் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, கையில் பணம் கரைந்துகொண்டிருந்தது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்கிற முறையில் ஓர் எண் கிடைத்தது. அவர் தோட்டக்காரர் கிடையாது, தோட்டக்காரர்களுக்கு ஆள் அனுப்புகிறவர். வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள்தான் வரும், எழுத்தில் எதுவும் வராது. கிலோவுக்கு 20 சென்ட், கெட்டிக்காரர்கள் தினம் நூறு யூரோவுக்கு மேல் பார்க்கலாம், படுக்கை இருக்கிறது, வேன் வரும். படுக்கைக்கும் வேனுக்குமாக முன்பணம் 150 யூரோ, கடைசி நாள் திருப்பித் தரப்படும். ஒப்பந்தம் பற்றிக் கேட்டதற்கு, "அங்கே போனதும் கையெழுத்துப் போடலாம்" என்று பதில் வந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அறுவடைக்கென்றே பிரான்சில் ஒரு தனி ஒப்பந்தம் இருக்கிறது. அதிகபட்சம் ஒரு மாதம், எழுத்தில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே முதலாளி உங்கள் பெயரை எம்.எஸ்.ஏ. என்கிற விவசாயச் சமூகக் காப்பீட்டு அமைப்பிடம் அறிவித்திருக்க வேண்டும். கிலோ கணக்கில் கூலி பேசுவது சட்டப்படி சரிதான், ஆனால் வேலை செய்த மணிநேரத்துக்குக் கணக்குப் போட்டால் அது ஸ்மிக் என்கிற குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. நான் போனபோது அது மணிக்கு 11.52 யூரோ, வரி பிடித்தங்களுக்கு முன். வேலை வாங்கித் தருவதற்கு வேலை தேடுகிறவரிடமே பணம் வாங்குவது பிரான்சில் சட்டவிரோதம். அதனால் யாராவது முன்பணம் கேட்டால், அது 10 யூரோவாக இருந்தாலும் சரி, அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு 964 மணிநேரம் வேலை செய்ய அனுமதி உண்டு, அறுவடை வேலையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

விடியற்காலை இருட்டில் பாரீஸின் வட எல்லையில் வேன் ஏறினேன். இருக்கைகளைவிட ஆட்கள் அதிகம். மாலியிலிருந்து வந்தவர்கள், மொராக்கோக்காரர்கள், பல்கேரியக் கணவன் மனைவி ஒரு ஜோடி. தமிழ் பேச ஆள் இல்லை. தங்கவைத்த வீடு ஆயியில் இல்லை, வேனில் அரைமணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய ஒரு குக்கிராமம். தரையில் மெத்தை, மெத்தைக்கு மெத்தை இடைவெளியே இல்லை. அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை. சமையலறையில் ஒரு அடுப்பு, அதிலும் பாதி வேலை செய்யாது. முதல் இரவு தூங்கவே இல்லை. பயம் என்று சொல்ல முடியாது, ஒரு அவமான உணர்வு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு அம்மாவிடம் பேசும்போது "வசதியா இருக்கும்மா" என்றுதான் சொன்னேன். பருவகால விவசாயத் தொழிலாளர்களைத் தங்கவைக்க விதிகள் இருக்கின்றன. ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் படுக்கக் கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி அறை வேண்டும், ஆள் கணக்குக்கு ஏற்பக் கழிப்பறையும் குளியலறையும் வேண்டும். போய்ச் சேர்ந்த நாளிலேயே அறையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தேன், அம்மாவுக்கு அனுப்புவதற்காக அல்ல, மனம் ஆறாமல் எடுத்தேன். பிறகு அந்தப் படங்கள்தான் பேசின.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கம்பத்தில் திராட்சை தலைக்கு மேலே தொங்கும், கழுத்து வலிக்கும். ஆயியில் கொடிகளைத் தாழ்வாக வளர்த்து வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். குலை முழங்கால் உயரத்தில், சில இடங்களில் அதற்கும் கீழே இருக்கும். குனிந்தால் இடுப்பு போகும், மண்டியிட்டால் முட்டி போகும். வரிசைக்கு இரு புறமும் எதிரெதிராக இரண்டு பேர் நகர்ந்துகொண்டே வெட்ட வேண்டும். இடது கையால் இலையை ஒதுக்கி, குலையைக் கீழிருந்து தாங்கி, காம்பை வலது கைக் கத்திரியால் வெட்டி, வாளியில் மெதுவாக வைக்க வேண்டும். எறியக் கூடாது. ஏனென்றால் கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளைச் சாறு எடுக்கிறார்கள். தோல் கிழிந்தால் சாறில் நிறம் இறங்கிவிடும். அதனால்தான் ஷாம்பெய்னில் எந்திர அறுவடைக்கு அனுமதியே இல்லை, எல்லாம் கை வேலை. அதனால்தான் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது. வாளி நிறைந்ததும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் கொட்டுவோம். பெட்டிகள் டிராக்டரில் ஏறி ஊருக்குள் பிழி எந்திரத்துக்குப் போகும். ஒரு தடவைக்கு 4,000 கிலோ போடுவார்கள், அதிலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்க விதி இடம் தராது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோ இருநூறு கிராம் வரும். அந்தப் பழம் கிலோ 6 யூரோவுக்கு மேல் விலை போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சொன்ன கூலி 20 சென்ட்.

அந்த வருஷம் குலைகள் வழக்கத்தைவிடப் பெரியவை. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் நெருக்கிக்கொண்டு வளர்ந்த பழங்கள் வெடித்து, நடுவில் அழுகியிருந்தன. குலையை விரித்துப் பார்த்தால் குப்பென்று வினிகர் வாடை அடிக்கும், கொசு மாதிரிச் சின்ன ஈக்கள் மூக்கில் ஏறும். அழுகிய பகுதியைக் கத்திரி முனையால் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் வாளியில் வைக்க வேண்டும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு அந்த நேரத்துக்கெல்லாம் கூலி கிடையாது. இதை முன்கூட்டியே யாரும் யோசிப்பதில்லை. அழுகல் அதிகமுள்ள வருஷத்தில் மணிக் கூலிதான் பாதுகாப்பு, அதைக் கேட்டு வாங்குங்கள். வெயில் 35 டிகிரியை ஒட்டிப் போனது. சரிவில் நிழல் என்பதே கிடையாது, சுண்ணாம்பு மண் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள், பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். மாலிக்காரர் ஒருவர் வரிசை நடுவில் அப்படியே உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டார். மேற்பார்வை பார்த்தவர் அவரை வேனுக்குள் படுக்க வைத்துவிட்டு எங்களை வேலையைத் தொடரச் சொன்னார். நாங்கள் வாக்குவாதம் செய்த பிறகுதான் வேன் நகர்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அந்த அறுவடையில் ஷாம்பெய்ன் பகுதியில் சிலர் தோட்டத்திலேயே இறந்துபோன செய்தியைப் பிறகு படித்தபோது கை நடுங்கியது. யாராவது வெயிலில் மயங்கினால் மேற்பார்வையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். 15 என்ற எண்ணை அழுத்துங்கள், மருத்துவ அவசர உதவி வரும். தோட்டத்தின் வரிசை எங்கே இருக்கிறது என்று சொல்ல, போனில் இருப்பிடத்தை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என் முறை வந்தது. எதிர்ப்புறத்தில் வெட்டிக்கொண்டிருந்தவரின் கத்திரியும் என் விரலும் ஒரே காம்புக்குப் போயின. இடது ஆள்காட்டி விரலின் நுனி ஆழமாக வெட்டுப்பட்டது. இலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரியாது, அறுவடையில் நடக்கிற காயங்களில் பெரும்பகுதி இப்படித்தான். நல்ல கையுறை வாங்கிக்கொண்டு போங்கள், இடது கைக்காவது கட்டாயம். என்னை எப்பர்னேயில் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு வேன் போய்விட்டது. தையல் போட்ட மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "வேலையில் ஏற்பட்ட காயமா? முதலாளி யார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு முதல் பெயர், ஒரு எண், அவ்வளவுதான். அந்த நிமிஷம்தான் என்னை மிகவும் உலுக்கியது. விரல் வலியைவிட அது பெரிசு. வேலைக் காயம் என்றால் 24 மணிநேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் 48 மணிநேரத்துக்குள் எம்.எஸ்.ஏ.வுக்கு அறிவிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழில் "வேலை விபத்து" என்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முதலாளி பெயர் தெரியாவிட்டாலும் சரி. உங்கள் பெயரை அறிவிக்காமல் வேலை வாங்கினால் குற்றம் வாங்கியவருடையது. தொழிலாளியின் உரிமை அதனால் போய்விடாது. இதை அந்த மருத்துவர்தான் பொறுமையாக எனக்குச் சொன்னார்.

கட்டுப்போட்ட கையோடு வெட்ட முடியாது, ஆனால் கூலி வாங்காமல் பாரீஸ் திரும்பவும் முடியாது. காலையில் வேனில் மற்றவர்களோடு ஆயிக்கு வந்து, மாலை வரை ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பது தாண்டியிருக்கும், என் கையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கொடி வளர்த்தவர். என் பிரெஞ்சு அரைகுறை, அவர் மெதுவாகப் பேசினார். என்னை யார் கூட்டிவந்தது என்று கேட்டுவிட்டு, முகம் மாறி, "வா, ஒரு தெருவைக் காட்டுகிறேன்" என்று எழுந்தார். 1911 ஏப்ரலில் எரிந்த வீடுகள் இருந்த தெரு அது.

அந்தக் கதை இதுதான். அப்போதெல்லாம் திராட்சைக்கு என்ன விலை என்று நிறுவனங்கள்தான் முடிவு செய்யும். நிறுவனத்தின் சார்பில் ஊருக்குள் வந்து விலை பேச ஆட்கள் இருந்தார்கள். எவ்வளவு குறைத்துப் பேசுகிறார்களோ அவ்வளவு அவர்களுக்கு லாபம். சிலர் மிரட்டினார்கள், சிலர் விவசாயியிடமே லஞ்சமாகத் திராட்சை வாங்கி அதையும் விற்றார்கள். அறுத்த பழம் ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால் விவசாயியால் காத்திருக்க முடியாது. போதாக்குறைக்குச் சில வியாபாரிகள் வெளியூர் மலிவு ஒயினை ரயிலில் இறக்கி, ஷாம்பெய்ன் என்று பெயர் போட்டு விற்றார்கள். கொடிகளைக் கொல்கிற ஃபிலாக்செரா பூச்சி ஒரு பக்கம் பரவிக்கொண்டிருந்தது. 1910-இல் பூஞ்சையும் மழையும் சேர்ந்து அறுவடையே இல்லாமல் செய்துவிட்டன. கடன், பட்டினி. 1911 ஜனவரியில் தமெரி ஊரில் வெளியூர் ஒயின் ஏற்றிவந்ததை மறித்து மார்ன் ஆற்றில் கொட்டினார்கள். அரசாங்கம் ஷாம்பெய்னுக்கு எல்லை வகுத்து, தெற்கே ஓப் மாவட்டத்தை வெளியே விட்டிருந்தது. ஓப் விவசாயிகள் கொதித்தெழுந்ததும், ஏப்ரல் 11-ஆம் தேதி செனட் அந்த எல்லையையே நீக்கச் சொல்லி வாக்களித்தது. எல்லை போனால் வெளியூர்ச் சரக்கு மறுபடி புகுந்துவிடும் என்று, செய்தி தந்தியில் வந்த அன்று இரவே மார்ன் பக்கத்து விவசாயிகள் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் ஆயியில் நிறுவனங்களின் கட்டடங்களுக்குள் புகுந்தார்கள், பீப்பாய்களை உடைத்தார்கள், வீடுகள் எரிந்தன, தெருவில் ஒயின் ஓடியது. குதிரைப்படை வந்துதான் அடக்கியது.

அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகத் தரம் குறித்து விலை கட்டுகிற முறை வந்தது. சதவீதக் கணக்கு. பேசி முடித்த விலையில் ஒவ்வோர் ஊருக்கும் இத்தனை பங்கு என்று நிர்ணயித்தார்கள். ஆயிக்கு முழு நூறு சதவீதம். இன்று பாட்டிலில் "கிரான் க்ரூ" என்று போடுகிற உச்சத் தர அந்தஸ்தின் வேர் அங்கே இருக்கிறது. 1927-இல் சட்டப்படி எல்லை உறுதியாகி, ஓப்பும் உள்ளே வந்தது. ஒயின் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சதவீதத்தைச் சுவைக்கான மதிப்பெண் போலச் சொல்கிறார்கள். எனக்கு அது அடிபட்டவர்கள் போராடி வாங்கிய கூலிப் பட்டியலாகத்தான் தெரிகிறது. அந்தப் பெரியவருக்கும் அப்படித்தான். அவருடைய தாத்தா அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். தெருமுனையில் நின்று அவர் சொன்னது இது: "எங்களை ஏமாற்றியவன் வெளியூர்க்காரன் இல்லை, நடுவில் நின்றவன். உன்னுடையவனும் நடுவில் நிற்கிறவன்தான். அவனை விடு. நீ யாருடைய பழத்தை வெட்டினாய் என்று கண்டுபிடி."

எனக்குக் கிடைத்த புத்திமதியிலேயே விலை உயர்ந்தது அதுதான். வெட்டுகிற பெட்டிகளின் பக்கவாட்டில் தோட்டக்காரர் பெயரோ எழுத்துக் குறியோ இருக்கும். டிராக்டரிலும் இருக்கும். பெட்டி போய் இறங்குகிற வீட்டுக் கதவில் கட்டாயம் இருக்கும். நான் அன்று சாயங்காலமே டிராக்டர் போன வழியில் நடந்துபோய் அந்தக் கதவையும் பெயரையும் படம் எடுத்தேன். பிரெஞ்சுச் சட்டத்தில் வெளியாள் மூலம் தொழிலாளர்களைக் கொண்டுவருகிற தோட்டக்காரருக்கும் பொறுப்பு உண்டு. ஒப்பந்தத் தொகை 5,000 யூரோவை எட்டினால், அந்த ஆள் அனுப்புகிறவர் முறையாகப் பதிவு செய்தவரா, ஆட்களை அறிவித்திருக்கிறாரா என்று சரிபார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் விட்டால், கட்டப்படாத கூலிக்கு அவரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசி நாள் வேனில் உறை கொடுத்தார்கள். என் குறிப்பேட்டுக் கணக்குப்படி 900 யூரோவுக்கு மேல் வர வேண்டும். உறைக்குள் 380 யூரோ நோட்டாக இருந்தது. 150 யூரோ முன்பணம் "வீட்டுச் சேதத்துக்கு" என்று பிடித்துக்கொண்டார்கள். சம்பளச் சீட்டு கிடையாது. கேட்டவர்களிடம் அடுத்த வாரம் என்று சொன்னார்கள், அடுத்த வாரம் அந்த எண்ணே வேலை செய்யவில்லை. ஆயி ரயில் நிலையத்தில் அழுகையும் ஆத்திரமுமாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் தமிழில் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், பாரீஸில் உணவகத்தில் வேலை, விடுமுறையில் வேறொரு குழுவில் வெட்ட வந்தவர். அவருக்கு ஒப்பந்தம், சீட்டு எல்லாம் இருந்தது. என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, அழுது வேலையில்லை. படம், குரல் செய்தி, நீர் எழுதின கணக்கு, ஆஸ்பத்திரிக் கடதாசி எல்லாத்தையும் ஒரு இடத்தில சேரும். பிறகு பதிவுத் தபால்தான் பேசும்" என்றார். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து என் பெயர், நாள், தோட்டம் எல்லாவற்றையும் வரிசையாக எழுத வைத்தார்.

அப்படியே செய்தேன். தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்கு எழுதினேன். என் பெயர் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று எழுதிக் கேட்டால் அவர்கள் சொல்வார்கள். அறிவிக்கப்படவில்லை. ஒரு தொழிற்சங்கத்தின் இலவச ஆலோசனை நேரத்தில் போய் உட்கார்ந்து, தோட்டக்காரருக்கு ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால் எழுதினேன். மரியாதையான கடிதம்தான், ஆனால் படங்களும் கணக்கும் இணைத்தது. முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதுக்கு, ஆள் அனுப்பியவருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. ப்ரூதோம் என்கிற தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகப் போகிறேன் என்று எழுதிய பிறகு, குளிர்காலம் முடிகிற நேரத்தில், சீட்டோடு 520 யூரோ வந்தது. முன்பணம் 150 போனது போனதுதான். விரலுக்கான மருத்துவச் செலவில் ஒரு பகுதி, ரயில் கட்டணம், பதிவுத் தபால் செலவு எல்லாம் என் கைக்காசு. கடிதங்களின் பின்னால் ஓடியதில் அந்தப் பருவத் தேர்வு ஒன்றை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. கூலிக்கான வழக்குக்கு மூன்று வருஷம் வரை கால அவகாசம் உண்டு. ப்ரூதோமில் அப்போது மனு போடக் கட்டணம் இருக்கவில்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அறிவிக்காமல் வேலை வாங்கியது நிரூபணமானால் ஆறு மாதச் சம்பளம் ஈடாகக் கேட்கலாம். அந்த வரைக்கும் போக எனக்குத் தெம்பு இருக்கவில்லை. உங்களுக்கு இருந்தால் போங்கள்.

அதே 2023 அறுவடையில் நெல்-லெ-ரெப்போன் என்கிற கிராமத்தில், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களை மோசமான இடத்தில் அடைத்து வைத்து வேலை வாங்கிய வழக்கு நடந்தது. 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் அதை மனிதக் கடத்தல் என்றே தீர்ப்பளித்து, மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தது. 57 பேர் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்கு ஆயியின் அந்தத் தெருமுனை ஞாபகம் வந்தது. 2025 ஜூலை முதல் வெப்பத்துக்கும் விதி வந்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது மூன்று லிட்டர் குடிதண்ணீர் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

2024-இல் நான் மறுபடி ஆயிக்குப் போனேன். அந்தப் பெரியவரே ஒரு தோட்டக்காரரின் முகவரி கொடுத்தார், நேரடியாக எழுதினேன். ஒப்பந்தம் வேலைக்கு முன்பே தபாலில் வந்தது. மழை வருஷம், சேறு காலை இழுத்தது, ஆனால் கூலி மணிக்கணக்கு, மணிக்கு 11.65 யூரோ, அதற்கு மேல் விடுப்புக்கான பத்து சதவீதம். அறை நாலு பேருக்கு. அறுவடை முடிந்த இரவு முற்றத்தில் மேசை போட்டு எல்லோருக்கும் விருந்து வைத்தார்கள். கொஷ்லே என்று அதற்குப் பெயர், ஷாம்பெய்ன் பக்கத்துப் பழைய வழக்கம். வெளியிலிருந்து நான் பார்த்த அதே மாதிரி மூடிய மரக்கதவுக்கு உள்ளேதான் அது நடந்தது. தோட்டக்காரரின் அம்மா எல்லோர் தட்டையும் பார்த்துப் பார்த்து நிரப்பினார், பாட்டு நள்ளிரவு வரை போனது. ஊர் அதேதான், மண்ணும் அதேதான். நடுவில் ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போக நினைப்பவர்கள் மே, ஜூன் மாதத்திலேயே தோட்டக்காரர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். ஃபிரான்ஸ் திராவாய் என்கிற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் அறுவடை வேலைகள் வரும், அதில் முதலாளியின் முழுப் பெயரும் முகவரியும் உள்ளவற்றை மட்டும் பாருங்கள். அறுவடை தொடங்கும் தேதியை ஒவ்வோர் ஊருக்கும், ஒவ்வொரு திராட்சை ரகத்துக்கும் தனித்தனியாக அறுவடைக்குச் சற்று முன்புதான் அறிவிப்பார்கள். அதற்கு முன்னால் ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், கல்லூரி திறக்கிற தேதியோடு மோதுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக் கோட், நீள பூட்ஸ், முட்டிக்கு ஒரு பஞ்சுத் துண்டு, இடது கைக்கு வெட்டுப்படாத கையுறை, ஒரு சின்னக் குறிப்பேடு. தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், தோட்டத்தின் பெயர் மூன்றையும் அதில் எழுதி, அன்றைக்கே படம் எடுத்து ஊரில் யாருக்காவது அனுப்பிவிடுங்கள்.